இன்சுலின் கண்ட வரலாறு

நீரிழிவு பண்டை வைத்தியரும் அறிந்த நோயே. ஆயினும் அதற்கும் சதையிக்குமுள்ள தொடர்பு ஐயமறத் தெளிந்தது 1889ஆம் ஆண்டிலாகும். ஸ்திராஸ்பூர்க்குப் பல்கலைக்கழகத்திலே மின்கோவ்ஸ்கி, வொன் மெரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்ற, அதன் சிறுநீரில் வெல்லம் மிகுந்து காணப்பட்டது. சதையியிலுள்ள ஏதோவொரு பொருளே உடலின் வெல்லத்தை ஆள்கின்றது எனப் பலரும் கருதினர். அதனைப் பிரித்தெடுக்க முயன்றோர் பலர். முப்பது ஆண்டுகளாக நோயாளர்க்கு உதவும் வகையில் அதனைப் பெற்றார் எவருமிலர். இந்நோய்ப்பட்ட சிறுவர்க்கு வைத்தியர் விதித்தது பட்டினியே. அது சாவைச் சிறிது தள்ளிவைத்தது, அவ்வளவே.

1921ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்திலே பன்ரிங் என்னும் சத்திரவைத்தியரும் பெஸ்ற் என்னும் மாணவரும் வேலை தொடங்கினர். சதையியின் சமிபாட்டு நீரே வேண்டிய பொருளை அழிக்கின்றதெனக் கருதிய பன்ரிங், சதையிக் கானைக் கட்டி, அந்நீர் சுரக்கும் கலங்களை நலிவித்தபின் சாறெடுக்க எண்ணினார். ஈற்றில் இவ்வெண்ணமே வேண்டாததாயிற்று! ஆண்டு முடியுமுன்னரே மாட்டின் முழுச் சதையியிலிருந்து அற்ககோலைக் கொண்டு சாறெடுத்தனர்.

1922 சனவரி 11ஆந் தேதி, ரொறன்ரோப் பொது வைத்தியசாலையில், லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. வெல்லம் சிறிதே குறைந்தது. ஊசி குத்திய இடமோ சீழ்க்கட்டியாயிற்று. சாற்றில் மாசு மிகுந்திருந்தமையே காரணம். அதனைத் தூய்மையாக்கியவர் கொலிப் என்னும் உயிரிரசாயன அறிஞர். அற்ககோலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தி, மாசுகள் படிந்து நீங்கியபின், மேலும் உயர்த்தியபோது வேண்டிய பொருளே படியக் கண்டார். சனவரி 23ஆந் தேதி அத்தூய சாறு ஏற்றப்பட, சிறுவன் தேறினான். 1935 வரை வாழ்ந்தான்.

1923இல் நோபெல் பரிசு பன்ரிங்குக்கும் மக்லியோட்டுக்கும் கிடைத்தது. பன்ரிங் தம் பங்கிற் பாதியைப் பெஸ்ற்றுக்கும், மக்லியோட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்கும் ஈந்தனர். ஆயினும் பாடநூல்கள் பல முதலிருவரையே கூறி அமைகின்றன, இது நீதியன்று. 1921இலேயே நாய்களிற் செய்த இத்தகைய ஆய்வை வெளியிட்ட ருமேனியராகிய பவுலெஸ்குவோ பரிசிலும் இடம்பெற்றிலர்.

இன்சுலின் உயிரைக் காத்ததேயன்றி நோயைத் தீர்த்ததில்லை. 2000ஆம் ஆண்டில், எட்மன்ரனிலுள்ள அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார், இறந்தோர் ஈந்த சதையியினின்றும் இன்சுலின் சுரக்கும் சிறுதீவுகளைப் பிரித்து எழுவர்க்குப் பதித்தனர்; எழுவரும் ஊசியின்றி வாழலாயினர். எனினும் பதித்தவற்றை உடல் வெறுக்காதிருக்க வேறு மருந்துகளை இடையறாது உட்கொள்ளவேண்டும். இம்முறையில் அங்கு சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் ஐந்தாண்டுக்குள் மீண்டும் இன்சுலினை நாடவும் நேர்ந்தது. கொலிப் விடுமுறை பெற்று ரொறன்ரோவுக்கு வந்ததும் இப்பல்கலைக்கழகத்திலிருந்தேயாம்.