வந்து வாழ்ந்த ஊர்

கம்பைநல்லூருக்கு நண்பர் ஒருவர் விருந்தாக வந்தால், முதல் நாள் தேசிநாதேசுவரர் கோயிலைக் காட்டுவோம். மறுநாள் அதே தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு அழைத்துச் செல்வது நன்று. பிறந்த ஊர் தானே வாய்ப்பது. வாழும் ஊரோ நாம் தேர்ந்துகொள்வது. இதனை அவ்வூர் வரலாறு உணர்த்தும்.

1884-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908-இல் வ. உ. சிதம்பரனாருடன் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தவர், தொழுநோயோடு வெளிவந்தார். அந்நோயைக் காரணங்காட்டி, அவர் இரயிலேறுவதை ஆங்கில அரசு தடுத்தது. கால்நடையாகவே ஊர்தோறும் சென்று பேசினார். இறுதியில் பாப்பாரப்பட்டியைத் தம் ஊராகக் கொண்டு, பாரத ஆசிரமம் அமைத்தார்.

1923-இல் வங்கத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அங்கு வந்தார். விருந்தினருக்குக் காட்டச் சிவாவிடம் மாளிகை இல்லை. பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப எண்ணிய நிலமே இருந்தது. அந்நிலத்தில் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூன் 16-இல் விருந்தினர் மறைந்தார். ஜூலை 23-இல் சிவாவும் மறைந்தார். கோயில் அன்று எழவில்லை. பல்லாண்டு கழித்தே அரசு அங்கு நினைவாலயம் எழுப்பியது.

ஓர் ஊரில் இருப்பதை மட்டுமன்று, அவ்வூருக்கு நாம் செய்ய எண்ணுவதையும் நண்பருக்குக் காட்டலாம் அல்லவா?