ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட்

அடுத்த முறை காரில் உட்காரும்போது, ஸ்டீயரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பதினாறு துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்த்தே இருக்க மாட்டோம். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் வயிறு கலங்கும்; உடனே வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவோம். அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று வண்டி அந்த சாக்கெட் வழியாக யாருக்கும் சொல்லத் தயாராக இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளம்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தேனி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். முந்தல் தாண்டி மலை ஏறினால், போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. கீழே தேனியில் டியூனிங் செய்த அளவிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். மேலே காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு. அதனால்தான் பழைய அம்பாசடரும் பத்மினியும் மேலே போகப் போக இழுவை குறைந்து, கறுப்புப் புகை விட்டன. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப்புகளிலும் இதே கதைதான். பம்பும் நாசிலும் சேர்ந்து தள்ளுவதே கணக்கு. அளந்து சொல்ல யாரும் கிடையாது.

அளந்து சொல்லும் ஆளைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தால் அங்கே சட்டம் கடுமையானது. 1967-இல் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்கு மின்னணு பெட்ரோல் இன்ஜெக்‌ஷனைக் கொடுத்தது. இன்டேக் பைப்பில் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ப பெட்ரோல் போனது. 1976-இல் வால்வோ காரின் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் ஏறியது. இது புகையிலுள்ள ஆக்ஸிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, பெட்ரோல் அதிகமானால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், குறைந்தால் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் மின்சாரம் காட்டும். சென்சார் கெட்டால் புகை கூடும், ஓட்டுபவருக்கோ தெரியாது. ஆகவே வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்து விளக்கு போட வேண்டும் என்று கலிபோர்னியா 1988 மாடல்களில் தொடங்கியது. 1996-இல் அமெரிக்கா முழுக்க எல்லா கம்பெனிக் கார்களுக்கும் ஒரே வடிவ சாக்கெட், ஒரே குறியீட்டு எண்கள் என்றானது. உங்கள் முழங்காலுக்கு மேலே இருப்பது அந்த வம்சம்தான்.

இந்தியாவுக்கு அது நீதிமன்றம் வழியாக வந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், தலைநகர் டெல்லிப் பகுதியில் யூரோ தரக் கார்களுக்குக் கெடு வைத்தது. நாடு முழுவதும் 2000-இல் முதல் தரம் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோலும் அதே ஆண்டு ஒழிந்தது. ஈயம் இருக்கும்வரை ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பிழைக்காது என்பதால், அந்த ஒழிப்பு முக்கியமானது. அதற்கு முன்பே 1998-இல் சென்னை அருகே தயாரான சான்ட்ரோ, இன்ஜெக்‌ஷன் எஞ்சினோடு தெருவுக்கு வந்திருந்தது.

இங்கே தேனிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். தரம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களுக்கு பி.எஸ்.-4, நமக்கு பி.எஸ்.-3. நமக்கு பி.எஸ்.-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். வண்டி தன்னைத் தானே பரிசோதிக்கும் ஏற்பாடு பி.எஸ்.-4 உடன் சேர்ந்த விதி என்பதால், 2012-இல் சென்னையில் பதிவான காரும் அதே ஆண்டு டி.என்.60 எண்ணில் பதிவான அதே மாடல் காரும் உள்ளே வேறு வேறாக இருக்கலாம். பழைய வண்டிக்கு சென்சார் வாங்கும்போது மாடல் பெயரும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது என்பது இதனால்தான். கழற்றிய சென்சாரின் மேல் அச்சிட்ட பாக எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சாக்கெட் பொதுவானது. ஆனால் படிக்கும் கருவியும் ஸ்பேர் பார்ட்ஸும் வெகுகாலம் பொதுவாக இல்லை. வெளி மெக்கானிக்குகளுக்கு இவற்றைக் கொடுக்காமல் கம்பெனிகள் கட்டி வைத்திருப்பதாக ஒரு கார் உரிமையாளர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று பதினான்கு கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் தொகை குறைந்தது. எனக்கு அபராதத்தைவிட அந்த உத்தரவின் மற்ற வரிகள்தான் பெரிதாகப் படுகின்றன. பாகங்களைச் செய்யும் நிறுவனங்கள் வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. வெளியே வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டி மொத்தத்தையும் ரத்து செய்யக் கூடாது. கார் கம்பெனி தன் பெட்டியில் விற்கும் சென்சாரைப் பெரும்பாலும் பாஷ், டென்சோ போன்றவர்கள்தான் செய்கிறார்கள். அதே பொருள் அவர்கள் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது வாங்குவது தவறல்ல. பெயரில்லாத பெட்டியில் அதைவிட மலிவாக வருவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கருவி மலிவானதற்குக் காரணம் ஒரு விபத்து. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம், இந்த சாக்கெட்டைக் கணினியோடு பேசவைக்கும் எல்ம்327 என்ற சிப்பை விற்றது. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டார்கள். நகல்கள் உலகெங்கும் குவிந்தன. இன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் அந்த வம்சாவளி. அந்த நிறுவனம் 2022-இல் கடையைக் கட்டிவிட்டது, பாவம்.

ஸ்கேனர் வாங்கினால் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் எண் அழிந்துபோகலாம். அடுத்ததுதான் பணத்தைக் காப்பாற்றும் இடம்: எண் சொல்வது அறிகுறியை, கெட்ட பாகம் எது என்பதை அல்ல. பி0171 என்று வந்தால் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். அந்த எண்ணின் பொருள், எஞ்சினுக்குள் காற்றுக்குப் போதிய பெட்ரோல் இல்லை என்பதுதான். வெடித்த வேக்கம் ஹோஸ், அழுக்கேறிய காற்று அளக்கும் சென்சார் என்று காரணம் பல இருக்கலாம். சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அதற்குத் தண்டனை! நம் பார்க்கிங்கில் இன்னொரு சந்தேக நபர் உண்டு: எலி. கடித்த வயருக்குப் புது சென்சார் போட்டால் விளக்கு மறுபடி எரியும். கனெக்டரையும் வயரையும் பார்த்த பிறகே பர்ஸைத் திறங்கள்.

அதன் பிறகும் சென்சார்தான் என்றால், வேலை பல வண்டிகளில் எளிது. எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்; கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்தி எடுங்கள். காற்று அளக்கும் சென்சாரை மாற்றும் முன் அதற்கென உள்ள ஸ்ப்ரேயால் சுத்தம் செய்து பாருங்கள். விரல் படக் கூடாது. ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பானர். துருப்பிடித்து அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள், மரை போய்விடும். அதை மட்டும் மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லிக் கூலி கொடுப்பது லாபம். வெப்பம் அளக்கும் சென்சாரைக் கழற்றினால் கூலன்ட் சிந்தும். கீழே தட்டு வையுங்கள், பூனையும் நாயும் அதை நக்கினால் செத்துவிடும். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, தொடவே வேண்டாம். பி.எஸ்.-6 டீசலின் புகைக்குழாய் சென்சார்கள் சிலவற்றை மாற்றினால் கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டியிருக்கும். அவை வீட்டு வேலை அல்ல. விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் மிஸ்ஃபயர், ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

காசில்லாத ஒரு சோதனையும் உண்டு. அழுத்தம் அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, போனில் அந்த அளவைப் பாருங்கள். தேனியில் 98 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். குமுளியில் 91, போடிமெட்டில் 86 என்று இறங்கும். மேலே போயும் 98-லேயே நின்றால், மாற்ற வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.