எங்க ஊருக்குப் பென்ஷன் வந்த கதை

மலருக்கு எழுதச் சொன்னதும், கடன் வாங்கி முன்னேறிய கதையை மற்ற சகோதரிகள் எழுதுவாங்க என்று விட்டுவிட்டேன். நான் நம்ம ஊராட்சிக் கூட்டமைப்பில் வருஷக்கணக்காக மனு எழுதுகிறவள். எனக்குத் தெரிந்தது பென்ஷன் கதை. அதிலும் உடல் குறைபாட்டுக்காகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவங்க, வயசானதும் முதியோர் பென்ஷனுக்கு மாறிய கதை.

நம்ம மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கியது. மாதம் 20 ரூபாய். உடல் ஊனமுற்றோருக்கு 1974-இல் வந்தது. விதவைகளுக்கு அடுத்த வருஷம். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு எடுத்துக்கொண்டதே 2010-இல்தான். எங்க ஊர்ல அப்பவும் இப்பவும் எல்லாத்துக்கும் ஒரே பேர்: ஓ.ஏ.பி. புருஷன் இல்லாதவளுக்கு வருவதும் ஓ.ஏ.பி., கால் வராதவளுக்கு வருவதும் ஓ.ஏ.பி. ஆர்டரில் திட்டத்தின் பேர் தனித்தனியாத்தான் இருக்கும். அதை யார் படிச்சுப் பார்த்தா?

படிக்காததால் நஷ்டமும் இல்லை. தொகை ஒன்றாக இருந்தது. 2011-இல் 500 ரூபாய் 1,000 ஆனபோது எல்லாருக்கும்தான் ஆனது.

எங்க குழுவில் ஒரு அக்கா. மூணு வயசில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனவர். உட்கார்ந்த இடத்தில் பூ கட்டுவார். புதுவாழ்வுத் திட்டம் வந்து மாற்றுத்திறனாளிகளை வீடு வீடாகக் கணக்கெடுத்தபோதுதான் அவருக்கு அடையாள அட்டையும், பின்னால் பென்ஷனும் கிடைத்தது. 2020-இல் அவருக்கு அறுபது முடிந்தது. "இனிமே முதியோர்ல மாத்திக்கோங்கம்மா, அட்டை, சர்டிபிகேட்டுன்னு அலைய வேணாம்" என்று விவரம் தெரிந்த ஒருத்தர் சொன்னார். அக்கா என்னிடம் வந்தார். அங்கேயும் 1,000, இங்கேயும் 1,000. சரியென்று மனு எழுதினேன். ஆமாம், அந்த மனுவை எழுதியது நான்தான்.

2023 ஜனவரியில் மாற்றுத்திறனாளி பென்ஷன் 1,500 ஆனது. அக்காவுக்கு 1,000 தான் வந்தது. "என் ரேகை சரியா விழலையோ? அதான் மிஷின் கம்மியா குடுக்குதோ?" என்று கேட்டார். ஆகஸ்டில் முதியோருக்கு 1,200 ஆனது. அப்பவும் 300 ரூபாய் இடித்தது. அப்புறம்தான் பழைய மனு எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவில், மற்றவர்களுக்கான அதே மாதிரி திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. 1,200-க்கு 25 சதவீதம் 300. கூட்டினால் 1,500. ஊன்றுகோல், ஆட்டோ, துணைக்கு ஓர் ஆள் என்று மற்றவர்களுக்கு இல்லாத செலவு அவங்களுக்கு இருக்கிறதே, அதுக்குத்தான். அறுபது ஆனதும் அக்காவின் கால் நிமிர்ந்துவிட்டதா என்ன? மத்திய அரசுத் திட்டத்தில்கூட, 80 சதவீதக் குறைபாடு உள்ளவங்களுக்கு 79 வயசு வரை மாற்றுத்திறனாளி பென்ஷன்தான். முதியோர் கணக்கு எண்பதில்தான் வருது. அறுபதிலேயே மாற வேண்டிய கட்டாயம் அக்காவுக்கு இருக்கவே இல்லை.

திரும்ப மாற்றச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன். மாற்றிக்கொள்ளும்போது ஒரு கையெழுத்தோடு முடிந்தது. திரும்பி வருவதற்கு மருத்துவச் சான்று, அட்டை நகல், வங்கிப் புத்தகம், நாலு நடை. ஒரு முறை மாடியில் இருக்கிற அறைக்குப் போகச் சொன்னாங்க. நானும் இன்னொரு சகோதரியும் கைகளைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்து அக்காவைத் தூக்கிப் போனோம். "கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கலடி" என்று சிரித்தார்.

2024 ஏப்ரலில் 1,500 வந்தது. பழைய பாக்கி கிடையாது என்று சொல்லிவிட்டாங்க. ஏழு மாசம் 500, எட்டு மாசம் 300. 5,900 ரூபாய். கணக்குப் போட்டுக் காட்டினேன். "விடும்மா, நான் கேட்டேன், நீ எழுதினே" என்றார். எனக்குத்தான் விட முடியவில்லை.

கூட்டமைப்பின் பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துத் தேடினோம். அதே மாதிரி மாறியவங்க இன்னும் ரெண்டு பேர் கிடைத்தாங்க. ஒருத்தர் முன்னாடியே இறந்துவிட்டார். இன்னொருத்தருக்கு மனு போட்டிருக்கிறோம், இன்னும் ஆர்டர் வரவில்லை. இப்போது நம்ம உறுப்பினர் பதிவேட்டில் 'பென்ஷன் உண்டு, இல்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'எந்தத் திட்டம்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். பதினோரு குழுக்கள் நிரப்பிக் கொடுத்துவிட்டாங்க. மீதிக் குழுக்கள் அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஆர்டர் நகலோடு வரணும்.