ஏரியின் உரிமையாளர் யார்? பழவேற்காட்டு மீனவ ஊர்கள் அரசுடன் பேச்சுவார்த்தை தொடங்கும் வழி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசும் அங்குள்ள முதற்குடி மக்கள் பேரவையும் 2025 நவம்பர் 13 அன்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்நாட்டின் முதல் உடன்படிக்கை என்று அது அறியப்படுகிறது. மண்ணின் பூர்வ உரிமையாளர்கள் மனுதாரர்களாக அன்றி, சமதரப்பாக அரசின் எதிரில் அமர முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களுக்கு இதிலிருந்து பயன்படுவது எது, பயன்படாதது எது என்பதை மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விக்டோரியாவில் நடந்தது என்ன?

விக்டோரியாவில் பேச்சுவார்த்தைக்கு முன்பே அதற்கான நிறுவனங்கள் உருவாக்கப்பட்டன. 2018இல் உடன்படிக்கைக்கு வழிவகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் முதற்குடி மக்கள் வாக்களித்துத் தங்கள் பேரவையைத் தேர்ந்தெடுத்தனர். 2022இல் பேச்சுவார்த்தைக்கான விதிமுறைகள், இரு தரப்புக்கும் நடுவராக நிற்கும் தன்னாட்சி ஆணையம், முதற்குடிகள் அரசின் தயவின்றிப் பேசுவதற்கான தனி நிதி ஆகியவை முடிவாயின. மாநிலம் தழுவிய பேச்சுவார்த்தை 2024 நவம்பரில்தான் தொடங்கியது.

தனித்தனி நிலப்பகுதிகளின் பாரம்பரிய உரிமையாளர் குழுக்களும் தங்களுக்கென உடன்படிக்கை கோரலாம். அதற்கு அக்குழு தன் விருப்பத்தை நடுவர் ஆணையத்திடம் முதலில் அறிவிக்க வேண்டும். அதே நிலத்தோடு உறவுடைய பிற குழுக்களுக்கும் பங்கேற்க நியாயமான வாய்ப்பளித்ததைக் காட்ட வேண்டும். 'உங்களுக்குள் யார் விடுபட்டுள்ளனர்?' என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் அரசின் எதிரில் அமர முடியாது என்பதே இதன் பொருள்.

பழவேற்காட்டில் 'நாம்' என்பது யார்?

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பட்டினவர் சமூகத்தார் தலைமுறைகளாகக் கடைப்பிடித்துவரும் ஏற்பாடு 'பாடு' முறை. ஏரியில் இறால் வலை கட்டுவதற்குரிய இடங்களைச் சீட்டுக் குலுக்கி, சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்வதே அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் தடுத்து, சண்டையையும் மிகைப்பிடிப்பையும் குறைத்த ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் இதனைப் பாராட்டியுள்ளனர்.

பாராட்டு உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. பாட்டில் பங்கு பெற ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு ஆண்களுக்கும் குறிப்பிட்ட சாதிக்கும் உரியது. அதே ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களும் இருளர்களும் பாட்டுக்கு வெளியே நிற்கின்றனர். இருளர்கள், குறிப்பாகப் பெண்கள், இடுப்பளவு நீரில் சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடித்து, பறியில் சேர்க்கின்றனர். எந்த இடத்திலும் அவர்களுக்குச் சீட்டு விழுவதில்லை.

எனவே 'பாரம்பரிய உரிமை' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பாடு முறையை அப்படியே அரசு அங்கீகரிக்குமானால், துறைமுகத்திடமிருந்து ஏரி காக்கப்படலாம். ஆனால் வழக்கமாக இருந்த சாதி விலக்கு அதே கையெழுத்தால் சட்டமாகிவிடும். அரசுடன் பேசுவதற்கு முன் ஊருக்கும் சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் இடையே பேச்சு நடந்தாக வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

எதிரில் நிற்பது என்ன?

எண்ணூர் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதனை 6,110 ஏக்கர் பரப்புக்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. அதில் மக்களின் எதிர்ப்புக்குப் பங்குண்டு.

ஆனால் பொது விசாரணை பேச்சுவார்த்தை ஆகாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் அங்கே கருத்துச் சொல்லலாம், அது பதிவாகும். மக்கள் மறுத்தால் திட்டம் நின்றுவிடும் என்று அந்த அறிவிக்கை கூறவில்லை. இசைவு கேட்கப்படும் இடம் வேறு.

நம் கையிலுள்ள சட்டம்

இந்தியாவில் உடன்படிக்கைச் சட்டம் இல்லை. அதற்கு மிக அருகில் வருவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 'ஏரிக்கும் வனத்துக்கும் என்ன தொடர்பு?' என்ற கேள்வி எழும். தமிழ்நாட்டுப் பகுதி ஏரி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வன நிலம் என்பதற்கான விளக்கத்தில் சரணாலயங்களையும் இச்சட்டம் சேர்த்துள்ளது. அதன் பிரிவு 3(1)(ஈ) நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்களின் மீதான சமூக உரிமையை வெளிப்படையாகவே அங்கீகரிக்கிறது. உரிமை கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் பிரிவு 6இன்படி கிராம சபைக்கு உரியது.

இந்த அதிகாரத்தின் வலிமையை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி முடிவு கிராம சபைகளிடம் விடப்பட்டது. 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. தமிழ்நாட்டில் இச்சட்டம் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டிருந்தது. 2016இல்தான் அத்தடை நீங்கியது.

தொடங்கும் படிகள்

முதற்படி, வன உரிமைக் குழு. கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்து 10 முதல் 15 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுள் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது 2012இல் திருத்தப்பட்ட விதி. பாட்டில் இடமே இல்லாத இருளர்கள் இங்கே பெரும்பான்மையாகின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி, தகுதி. பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வந்தது போதும். தலித்துகளும் பட்டினவரும் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற வகையில் வருவர். அவர்கள் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகளாக, அதாவது 75 ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து, அதனைச் சார்ந்திருந்ததை நிறுவ வேண்டும்.

மூன்றாம் படி, சான்று. குறைந்தது இரண்டு சான்றுகள் தேவை. அரசு ஆவணம் இல்லையென்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை. கோரிக்கையாளர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழி எழுத்தில் பதிவு செய்யப்பட்டால் அதுவும் சான்றாகும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என அதிகாரிகள் வற்புறுத்தவும் விதி இடந்தரவில்லை. ஏரியின் எந்தத் துறையில், எந்தப் பருவத்தில், யார், எவ்வாறு பிடிக்கிறார்கள் என்ற வரைபடத்தை மக்களே வரைவது இங்கே பெரிதும் உதவும். அவ்வரைபடத்தில் பாட்டு இடங்களோடு கையால் துழாவும் இடங்களும் இடம்பெற வேண்டும்.

நான்காம் படி, தீர்மானம். கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் கூட வேண்டும். வந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். பின்னர் கோரிக்கை கோட்ட அளவிலான குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் செல்லும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5).

சரணாலய எல்லைக்கு வெளியேயுள்ள கடலும் கடற்கரையும் இச்சட்டத்துக்குள் வாரா. அங்கே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தயாராகும் மேலாண்மை வரைபடமே களம். மீனவ ஊர்கள், வலை உலர்த்தும் இடங்கள், பொது நிலங்கள் ஆகியவை அதில் பதிவாகியுள்ளனவா என்பதை ஊர்தோறும் சரிபார்க்க வேண்டும்.

ஊருக்குள் எழும் தடை

உரிமை கோரும் தலித்துகளையும் இருளர்களையும் ஊரே தடுத்தால் என்ன செய்வது? 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எ), நிலம் அல்லது நீர் மீதான வன உரிமை உள்ளிட்ட உரிமைகளைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் துய்ப்பதில், அவ்விரு பிரிவுகளையும் சாராதவர்கள் தலையிடுவதைக் குற்றமாக்குகிறது. சமூகப் புறக்கணிப்பும் குற்றமே. எனினும் வழக்கு கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். துறைமுகம் வந்தால் பாட்டுச் சீட்டும் மிஞ்சாது, பறியும் மிஞ்சாது என்பதைப் பட்டினவர் இளைஞர்களிடம் எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆட்சி மாறியதும் உடன்படிக்கைக்கு வழிவகுத்த சட்டம் 2024 நவம்பரில் நீக்கப்பட்டது. அரசு தருவதை அரசே பறிக்கவும் கூடும். பழவேற்காட்டில் அத்தகைய நாள் வந்தாலும் ஏரியைக் காத்து நிற்கக்கூடியது ஊரும் சேரியும் இருளர் குடியிருப்பும் ஒன்றாக அமர்ந்து நிறைவேற்றிய தீர்மானமே. முதல் கிராம சபையில் பறி ஏந்தும் பெண் எந்த இடத்தில் அமர்த்தப்படுகிறார் என்பதிலிருந்து அதன் வலிமையை நாம் அளக்கலாம்.