செலவு வரம்பை உயர்த்தியது ஆளுங்கட்சி, அதிகம் செலவழித்தது எதிர்க்கட்சி: பிரிட்டனில் நடந்தது என்ன?

நம்ம ஊரில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் செலவு வரம்பு உண்டு (சிறிய மாநிலங்களில் இன்னும் குறைவு). கட்சிக்கு வரம்பே கிடையாது. பிரிட்டனில் அப்படி இல்லை. தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் ஒரு கட்சி எவ்வளவு செலவழிக்கலாம் என்று 2000-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது: போட்டியிடும் தொகுதிக்கு 30,000 பவுண்டு. எல்லாத் தொகுதிகளுக்கும் சேர்த்தால் சுமார் 1.9 கோடி.

2023 நவம்பரில் ரிஷி சுனக் அரசு இதைத் தொகுதிக்கு 54,010 பவுண்டாக உயர்த்தியது. மொத்தம் சுமார் 3.4 கோடி. 'பணவீக்கத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம்' என்றது அரசு. கணக்கு தப்பில்லை, டைமிங்தான் உறுத்தியது. 2010 முதல் ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, கருத்துக்கணிப்புகளில் லேபர் கட்சியைவிட ஏறக்குறைய 20 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. கையில் இருந்த பிடிமானம் நன்கொடை மட்டும்தான்.

அதிலும் சிக்கல் வந்தது. 2023-ல் மட்டும் அந்தக் கட்சிக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தவர் தொழிலதிபர் ஃப்ராங்க் ஹெஸ்டர். கருப்பின எம்.பி. டயான் அபாட் பற்றி 2019-ல் அவர் பேசியது 2024 மார்ச்சில் கார்டியன் நாளிதழில் வெளியானது. முரட்டுத்தனமாகப் பேசிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்ட ஹெஸ்டர், அவரது நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். பேச்சு இனவெறிதான் என்று சுனக் ஒப்புக்கொண்டார், ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

உண்மையான திருப்பம் பிரசாரத்தின்போதுதான். அந்தச் சில வாரங்களில் லேபருக்கு வந்த பெரிய நன்கொடைகள் சுமார் 95 லட்சம் பவுண்டு. கன்சர்வேட்டிவுக்கு வெறும் 19 லட்சம். பணம் கொடுப்பவர்களும் கருத்துக்கணிப்பு பார்ப்பார்கள் இல்லையா?

கடைசிக் கணக்கில் லேபர் செலவழித்தது சுமார் 3 கோடி, கன்சர்வேட்டிவ் சுமார் 2.4 கோடி. இங்கேதான் கவனிக்கணும்: பழைய வரம்பே இருந்திருந்தால் இரண்டு கட்சியும் 1.9 கோடியைத் தாண்டியிருக்கவே முடியாது. லேபருக்குக் கிடைத்த 60 லட்சம் பவுண்டு கூடுதல் பலம், சுனக் அரசு திறந்துவிட்ட கதவு வழியாக வந்தது.

2019-ல் 365 இடங்களை வென்ற கன்சர்வேட்டிவ், 2024 ஜூலை 4-ல் 121-ல் நின்றது. அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு இது. தோல்விக்குப் பணம்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. இந்த இரண்டு கட்சிகளையும்விட மிகக் குறைவாகச் செலவழித்த ரிஃபார்ம் யுகே, 14 சதவீத வாக்குகளை வாங்கியது.