காவியில் எழுதிய அக்கி

தமிழ்நாட்டு ஊர்களில், தோலில் கொத்தாக எழும் கொப்புளத்தை அக்கி என்றனர். குயவர் காவிக்கல்லை நீரில் இழைத்து, இறகால் தொட்டு, கொப்புளத்தின்மேல் உருவம் வரைவது 'அக்கி எழுதுதல்' எனப்பட்டது. காவி கிருமியைக் கொல்வதில்லை. ஆயினும் நோயை ஊரறியச் செய்ததால், மனைவியிடமோ கணவனிடமோ தனியே சொல்லும் சங்கடம் அங்கே எழவில்லை என்று கருதலாம்.

அக்கி பெரும்பாலும் சின்னம்மைக் கிருமி மீண்டும் கிளர்வதால் வருவது. அக்கியைப்போல் தோன்றும் உதட்டுக் கொப்புளமோ அக்கிருமியின் உறவான ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரசால் வருவது. பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றும் இக்கிருமி, முக உணர்வு நரம்பு முடிச்சில் ஆயுள் முழுதும் தங்கி, காய்ச்சலிலும் களைப்பிலும் தலைகாட்டுகிறது. கொப்புளத்தை 'உடல் சூடு' என்று சொல்லிக் கடப்பதே பொதுவழக்கு. 1980களில் பரவிய அசைக்ளோவிர் மருந்து புண்ணின் நாள்களைக் குறைக்குமேயன்றிக் கிருமியை அகற்றாது. கொப்புளமில்லாத நாளிலும் எச்சில்வழி அது பரவக்கூடும் என்பதை வாழ்க்கைத் துணைக்கு மட்டுமன்றி, பச்சிளங்குழந்தையை முத்தமிட வரும் உறவினருக்கும் சொல்லியாக வேண்டியுள்ளது.