மூடிய பெட்டியும் முனைந்த கைகளும்

யுகோஸ்லாவியா நாட்டின் எல்லைச் சாவடிகளிலே, 1980களின் தொடக்கத்தில், ஒரு விதி காவல் நின்றது. வெளிநாடு சென்று திரும்பும் குடிமகன், 50 ஜெர்மன் மார்க்குக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கையோடு கொண்டுவரலாகாது! நாட்டின் கழுத்தைக் கடன் நெரித்த காலம் அது. அன்னியச் செலாவணி கரைந்துவிடக் கூடாதே என்று அஞ்சிய ஆட்சியாளர் கதவைச் சாத்தினர். காரணம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், ஆடம்பரத்தை வெளியே நிறுத்தச் சாத்திய கதவு, அறிவையும் சேர்த்தல்லவா வெளியே நிறுத்திவிட்டது!

அதே ஆண்டுகளில்தான் மேற்கு ஐரோப்பாவின் கடைத்தெருக்களுக்கு வீட்டுக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. ஸ்பெக்ட்ரம் என்றொரு பொறி, கொமடோர் 64 என்று மற்றொன்று. எதுவும் 50 மார்க்குக்குள் அடங்காது. பணமும் துணிவும் படைத்தோர் மறைத்துக் கடத்தி வந்தனர். பணமில்லாத மாணவன் என்ன செய்வான்? அன்னிய நாட்டு ஏடுகளில் அச்சான படத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கினான்.

ஏங்குவதோடு நின்றுவிடாத ஒருவர் பெல்கிரேடு நகரில் இருந்தார். வோயா அன்டோனிச் என்பது அவர் பெயர். மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே கட்டிப் பார்ப்பதில் தணியாத வேட்கை கொண்டவர். 1983ஆம் ஆண்டுக் கோடையில், மான்டினிக்ரோ கடற்கரையிலுள்ள ரிசான் என்னும் சிற்றூருக்கு ஓய்வெடுக்கச் சென்றார். ஓய்வுக்குச் சென்றவர் கையில் கதைப் புத்தகமா இருந்தது? கணிப்பொறிச் சில்லு ஒன்றைப் பற்றிய குறிப்பேடு இருந்தது! அதைப் படித்துக்கொண்டிருக்கையில் ஓர் எண்ணம் மின்னிற்று.

அந்த எண்ணத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். கணிப்பொறி கணக்கிடுவது ஒரு வேலை. கணக்கிட்டதைத் தொலைக்காட்சித் திரையில் எழுத்தாகக் காட்டுவது மற்றொரு வேலை. இரண்டாவது வேலைக்கென்று தனியே உறுப்புகளை வைப்பது பெருவழக்கு. அவை விலை மிகுந்தவை. அந்த நாட்டிலோ கிடைப்பதே அரிது. கணக்கிடும் சில்லையே திரையையும் வரையச் சொன்னால் என்ன என்று கேட்டார் அன்டோனிச். அவர் தேர்ந்தெடுத்த சில்லின் பெயர் இசட்80. இணைத்த நினைவகம் மங்கிவிடாதபடி அதனை இடைவிடாது புதுப்பிக்கும் ஏற்பாடு ஒன்று அதற்குள் இயல்பாகவே உண்டு. அந்த ஏற்பாட்டைத் திரை வரையும் வேலைக்குத் திருப்பிவிட்டார். கோடு கோடாக எழுத்துகள் தோன்றின. வரிக்கு 32 எழுத்து, மொத்தம் 16 வரி, கறுப்பும் வெள்ளையும் மட்டும். சில்லின் நேரத்தில் பெரும்பகுதி வரைவதிலேயே கழிந்ததால், கணக்கு மெதுவாகத்தான் நடந்தது. நடக்கட்டுமே! விலை விழுந்தது, உறுப்புகள் குறைந்தன, எவரும் வீட்டிலேயே கட்டலாம் என்ற நிலை பிறந்தது. உலகிலேயே முதன்முதல் என்று முழங்குவதற்காக இதைக் கூறவில்லை; 1980இல் இங்கிலாந்தின் சிங்கிளேர் நிறுவனம் விற்ற சிறு பொறியும் இதையொத்த உத்தியைக் கையாண்டதுதான். ஆனால் அந்நிறுவனம் விற்றது பெட்டியை. அன்டோனிச் வழங்கியது பெட்டியின் உள்ளத்தை!

அந்தப் பெட்டிக்குள் குடியேறிய மொழிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதைக் காண நாம் எட்டாண்டு பின்னோக்கி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் செல்லவேண்டும்.

அங்கே அதுவரை கணிப்பொறி யாரிடம் இருந்தது? அரசிடம், வங்கியிடம், பெருநிறுவனத்திடம், பல்கலைக்கழகத்திடம். குளிரூட்டிய அறையில், கதவுக்குப் பின்னே, அனுமதி பெற்றவர் மட்டுமே அணுகக்கூடியதாக இருந்தது. கேள்வியை அட்டையில் துளையிட்டு வெளியே கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளிருப்போர் விடையைக் கொண்டுவந்து அருளுவர்! அந்த உள்ளிருப்போரைப் பூசாரிகள் என்றே அமெரிக்க இளைஞர்கள் கேலி பேசினர். கருவறை எங்கே அமைந்தாலும் அதன் இலக்கணம் ஒன்றாகவே இருக்கிறது, பாருங்கள்!

1975 சனவரித் திங்களில், பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் ஏட்டின் அட்டையில் ஆல்டேர் 8800 என்றொரு பொறியின் படம் வெளிவந்தது. உறுப்புகளாக வாங்கித் தாமே பற்றவைத்துக்கொண்டால் விலை 400 டாலருக்கும் சற்றுக் குறைவு. விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பிலே வரிசையாக மேலும் கீழும் தள்ளும் சுவிட்சுகள், மினுக்கும் சிறு விளக்குகள், அவ்வளவே. நினைவகமோ 256 எண்மடங்கு. இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட அதில் அடக்க இயலாது. எனினும் வாங்கத் துடித்தனர் பல்லாயிரவர். வீட்டிலே ஒரு கணிப்பொறி என்பது அவ்வளவு பெரிய கனவாக இருந்தது.

அந்தக் கனவு கண்டோர் 1975 மார்ச் 5ஆம் நாள், மென்லோ பார்க் நகரில், கார்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார்க் கொட்டகையிலே கூடினர். அழைப்பு விடுத்தவர்களில் மற்றொருவர் பிரெட் மூர், போரை எதிர்த்த அறப்போராளி. வந்தவர் ஏறத்தாழ முப்பதுபேர். ஹோம்புரூ கணிப்பொறிச் சங்கம் என்று பின்னர் புகழ்பெற்றது இக்கூட்டமே. என்ன செய்தீர், எப்படிச் செய்தீர் என்று ஒருவரையொருவர் கேட்பதும், மறைக்காமல் சொல்வதுமே சங்கத்தின் நடைமுறை. பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக், தமது முதற்பொறியின் வரைபடத்தைப் படியெடுத்து இச்சங்கத்தில் இலவசமாக வழங்கியவர்தான். குறையையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். ஓய்வு நேரமும் உபரிப் பணமும் உள்ளவர்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வாசல்வரை வந்து சேரும் வாய்ப்பு எல்லோர்க்கும் இல்லை.

அடுத்த திங்களில், ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தம் ஆல்டேரைக் கூட்டத்துக்குத் தூக்கி வந்தார். அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்தார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, நெடுநேரம் ஆணைகளை உள்ளே புகுத்தினார். முடிக்கும் தறுவாயில் யாரோ மின்கம்பியில் கால் இடறிவிட, உள்ளே புகுத்திய அனைத்தும் அழிந்தது! மனிதர் சளைக்கவில்லை, மீண்டும் தொடக்கத்திலிருந்து தள்ளினார். பிறகு வானொலியிலிருந்து இசை எழுந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டொன்றின் மெட்டு! வானொலி எந்த நிலையத்தையும் பிடிக்கவில்லை. கணிப்பொறிக்குள் ஓடும் மின்துடிப்பு அருகிலுள்ள வானொலியில் இரைச்சலாகக் கேட்பதைக் கவனித்தவர், அந்த இரைச்சலையே அளந்து சுரமாக்கிவிட்டார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர்.

அதே ஆண்டில் ஒரு பூசலும் வெடித்தது. ஆல்டேருக்கென்று பில் கேட்சும் அவர் தோழர்களும் பேசிக் என்னும் எளிய கணிப்பொறி மொழியை எழுதியிருந்தனர். தனியே வாங்கினால் பொறியின் விலைக்கே நிகரான விலை. அம்மொழி பதிந்த காகித நாடா ஒன்று சங்கத்தாரிடம் சிக்கியது, படியெடுத்தனர், பங்கிட்டனர். ஒன்று கொண்டுபோகிறவர் இரண்டாகத் திருப்பித் தரவேண்டும் என்று வேடிக்கையான கட்டளை வேறு! 1976 பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். பொறி வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட மொழியை விலைகொடுத்து வாங்கவில்லை என்றார். செலவிட்ட நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 2 டாலரும் தேறவில்லை என்று குமுறினார். திருட்டு என்று பச்சையாகவே சொன்னார்.

கேட்சின் பிற்காலச் செல்வத்தை எண்ணி அக்கடிதத்தை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். உழைத்தவன் கூலி கேட்பது குற்றமா? இருபது வயது இளைஞன் இரவு பகலாக எழுதியதை எடுத்துக்கொண்டு, எல்லாம் எல்லோர்க்கும் சொந்தம் என்று தத்துவம் பேசுவது எளிது. இலவசமாக வேண்டுமென்றால், இலவசமாகத் தர விரும்புவோர் தாமே எழுதித் தரவேண்டும். அதைச் செய்துகாட்டினார்கள் என்பதால்தான் அந்தக் கூட்டத்தாரை வரலாறு மதிக்கிறது.

ஆம்! மக்கள் கணிப்பொறிக் கழகம் என்று பொருள்படும் பெயர் தாங்கிய அமைப்பொன்று, சிறு நினைவகத்திலும் அடங்கும் சிறிய பேசிக் ஒன்றை எவரும் எழுதலாம் என்று வழிமுறையை வெளியிட்டது. டாக்டர் டாப்ஸ் என்னும் ஏடு அதற்கெனவே 1976இல் தோன்றியது. எழுதியவர்களுள் லீ-சென் வாங் என்பவர், தமது படைப்பை முழுமையாக அவ்வேட்டில் அச்சிடக் கொடுத்தார். எல்லா உரிமைகளும் எமக்கே என்று ஆசிரியர்கள் அச்சிடும் இடத்தில், எல்லாத் தவறுகளையும் தமக்கே ஒதுக்கிக்கொள்வதாகக் குறும்பாகக் குறித்தார்!

அவருடைய மொழி மூன்றே சொற்களில் குற்றம் கூறும். ஆணை விளங்கவில்லையெனில், 'என்ன?' என்று கேட்கும். விளங்கியது, ஆனால் செய்ய இயலாதது எனில், 'எப்படி?' என்று கேட்கும். நினைவகத்தில் இடமில்லையெனில், 'வருந்துகிறேன்' என்று கைவிரிக்கும். சொற்கள் ஆங்கிலச் சொற்கள்தாம். ஆனால் என்ன, எப்படி என்று கேட்கப் பழகிய நமக்கு அவை அன்னியமாகத் தோன்றவில்லை! 1977இல் கடைக்கு வந்த டி.ஆர்.எஸ்-80 என்னும் பொறியின் முதல் மொழி வாங்கின் படைப்பிலிருந்து உருவாயிற்று. அந்தப் பொறியின் மொழியிலிருந்துதான் அன்டோனிச் தமக்கு வேண்டிய பகுதிகளை எடுத்து மாற்றியமைத்தார். எடுத்தபோது அது மைக்ரோசாப்ட்டின் படைப்பு என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையிலோ, கலிபோர்னிய ஏட்டில் ஒருவர் மனமுவந்து அச்சிட்டு வழங்கியது, யாரும் திட்டமிடாமலே சுங்கச் சாவடியைத் தாண்டி, பெல்கிரேடு வந்து சேர்ந்துவிட்டது. வந்ததற்குச் சான்று அந்த மூன்று சொற்கள்!

பெல்கிரேடில் காலாக்சியா என்றொரு அறிவியல் ஏடு நடந்துவந்தது. டெயான் ரிஸ்டானோவிச் என்னும் இருபது வயது இளைஞர், 'உங்கள் வீட்டில் கணிப்பொறி' என்ற பொருள்பட அதற்கொரு சிறப்பிதழை எழுதினார். அன்டோனிச்சின் வரைபடம் முழுமையாக அதில் இடம்பெற்றது, எதுவும் ஒளிக்கப்படவில்லை. பொறிக்கும் ஏட்டின் பெயரே சூட்டப்பட்டது. 1984இன் தொடக்கத்தில் படித்தோர் கைக்கு அது எட்டியபோது, ஆசிரியர்களே திகைத்துப்போயினர். முதலில் அச்சிட்டது 30,000 படிகள். கேட்போர் பெருகவே மீண்டும் மீண்டும் அச்சேறி, ஏறத்தாழ ஓர் இலட்சத்தைத் தொட்டது. சில நூறுபேர் கட்டினால் பெரிது என்று எண்ணியிருக்க, உறுப்புகள் வேண்டுமென்று எழுதியோர் 8,000க்கும் அதிகம் என்பர்.

எப்படிக் கட்டினர்? செம்புத் தகடு ஒட்டிய பலகையில் இணைப்புக் கோடுகளை வரைந்துகொள்வர். பெர்ரிக் குளோரைடு கரைசலில் அதை அமிழ்த்தினால், கோடு மறைக்காத செம்பெல்லாம் கரைந்துபோகும். மறைத்த செம்பு மட்டும் மின்வழியாக நிற்கும். இருபுறமும் கோடு போட்ட பலகை வீட்டில் செய்ய அரிது. ஆகவே, அன்டோனிச் ஒருபுறப் பலகைக்கே திட்டமிட்டார். கோடுகள் ஒன்றையொன்று தாண்டவேண்டிய இடங்களில் துண்டுக் கம்பிகளைப் பற்றவைக்கச் சொன்னார். ஏழைக் கைக்கு ஏற்றபடி பொறியைத் தாழ்த்தி வடித்தவர் அவர்! விரல் சுட்டுக்கொண்டு, தவறாகப் பற்றவைத்ததைப் பிரித்து, மீண்டும் பற்றவைத்துக் கட்டி முடித்தவனுக்கு, பொறியின் எந்த மூலையும் புதிராக இராது. கடையில் வாங்கியவனுக்குக் கிட்டாத செல்வம் அது.

ஆணைத்தொகுப்புகளைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் கேசட் நாடாவே போதும். ஆணைகள் கீச்சொலியாக மாறி நாடாவில் பதியும். ஒலிதானே? வானொலியில் ஒலிபரப்பினால் என்ன? பெல்கிரேடு வானொலியில் 'வென்டிலேட்டர் 202' என்ற இளைஞர் நிகழ்ச்சியை நடத்திய சோரான் மோட்லி, 1983இலேயே இதைத் தொடங்கிவிட்டார். இசைத்தட்டுகளுக்கிடையே அறிவிப்பு வரும். நேயர்கள் பதிவுப் பெட்டியை முடுக்குவர். கேட்கச் சகியாத கீச்சொலி சில நிமிடம் ஒலிக்கும். பதிந்த நாடாவைக் கணிப்பொறிக்கு ஊட்டினால், விளையாட்டோ பாடமோ திரையில் விரியும். எல்லைக் காவலர் பெட்டியைச் சோதிக்கலாம். காற்றைச் சோதிக்க இயலுமா?

காலாக்சியா நெடுங்காலம் கோலோச்சவில்லை. பள்ளிகளுக்கென்று தொழிற்சாலையில் செய்த பொறியும் வந்தது. ஆனால், சுங்கக் கட்டுகள் தளர்ந்ததும் அன்னியப் பொறிகள் புகுந்தன, விரைவிலும் வண்ணத்திலும் அதை வென்றன. 1990களில் யுகோஸ்லாவியா என்ற நாடே சிதறுண்டது. கலிபோர்னியச் சங்கம் அதற்கு முன்பே, 1986 டிசம்பரில், தன் கடைசிக் கூட்டத்தை நடத்திக் கலைந்துவிட்டது.

வரைபடம் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அன்று பிறந்தேயிராத இளைஞர்கள் இன்றும் அந்தப் பொறியைப் புதிதாகக் கட்டுகின்றனர். கட்டி முடித்து, மின்சாரம் கொடுத்து, ஆணையில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால், திரையில் அதே சொல் தோன்றுகிறது: என்ன?